பீரோவில் இருக்கும் பாட்டில்

அன்புள்ள பாப்பா,

அப்பாவின் மறதி நோய்க்காக நீ அனுப்பிய வைட்டமின் ஈ பாட்டில் வந்து மூன்று வாரமாகிறது. அப்பாவுக்கு இன்னும் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் சேர்ந்துகொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு 2000 யூனிட் என்று எழுதியிருந்தாய். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் மருந்து எண்ணிக் கொடுத்தவள் அல்லவா! அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள 613 பேரை வைத்து நடத்திய ஆய்வு அது, 2014-இல் வெளிவந்தது. தினமும் அவ்வளவு சாப்பிட்டவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற வேலைகளில் வரும் தளர்ச்சி ஆறு மாதம் போலத் தள்ளிப்போனது. ஞாபகசக்தியில் எந்தப் பலனும் தெரியவில்லை.

அந்த ஆறு மாதத்தை நான் லேசாக நினைக்கவில்லை, பாப்பா. அப்பா தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளும் காலை வேறு, நான் போட்டுவிடும் காலை வேறு. போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது பொத்தானைப் பிடித்தபடி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். நான் கிட்டே போனதும் கையைத் தட்டிவிட்டார். அன்றைக்குப் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன்.

தடுத்தது, ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரைதான். இதய வால்வு ஆபரேஷனிலிருந்து அதை நிறுத்தியதே இல்லை. வைட்டமின் ஈ இவ்வளவு அதிகமாக உள்ளே போனால் அதுவும் ரத்தம் உறைவதைக் குறைக்கும். இப்போதே பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். ராத்திரியில் எழுந்து நடக்கிறவர் விழுந்து தலையில் அடிபட்டால்? டாக்டரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அப்புறம், நீயும் போட்டுக்கொள்கிறாய் என்று அண்ணன் சொன்னான். அப்பாவைப் பார்த்து வந்த பயம், புரிகிறது. ஆனால் 7,500-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து, 400 யூனிட்டை வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2017-இல் எழுதினார்கள். உனக்கு மிஞ்சியதை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே. அதே 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. நாளுக்குத் தேவை 15 மில்லிகிராம்தான். கடலையும் பாதாமும் சாப்பிடு.

சரி, அடுத்த பார்சலில் ஒன்று அனுப்பு. பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ வைத்த சட்டை அங்கே கிடைக்குமாம். 42 சைஸ், அரைக்கை, இரண்டு. வெளிப்பக்கம் பொத்தான் மாதிரியே தைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அம்மா