சிவப்பியின் கணக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குச் சோம்பல் காரணமன்று. இந்த மூன்று கிழமையும் எங்கள் வீட்டில் ஒரு நோயாளி இருந்தாள். பெயர் சிவப்பி. பேத்தி வைத்த பெயர். உமது ஊர்க்கோழிகளைக் கம்பிக் கூண்டில் அடைத்து வளர்க்கும் முறைக்கு மாற்றலாமா, கணக்குப் பார்த்துச் சொல்லும் என்று நீர் கேட்டிருந்தீர் அல்லவா? அதற்கான பதிலில் பாதி அந்த நோயாளியிடமிருந்தே கிடைத்தபடியால், முதலில் அவளைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

குருநாகல் பக்கம் மருமகனுடைய சிநேகிதர் ஒருவர் நடத்தும் பண்ணையில் ஒரு தொகுதி முட்டைக்கோழிகளைக் கழித்து விற்றபோது, போன மாசியில் மூன்றை வாங்கி வந்தோம். ஒன்று 900 ரூபா. ஏறத்தாழ 80 கிழமை வயது. அந்த வயதுக்கு மேல் பண்ணைக்காரர் கோழியை வைத்திருப்பதில்லை; முட்டை குறையத் தொடங்கும், ஓடு மெலியும், தீனுக்குப் போட்ட காசு திரும்பி வராது. எங்கள் கணக்காளர் தொழிலின் பாஷையில், பெறுமானத் தேய்வு முழுவதும் எழுதி முடிந்த சொத்து, அதாவது ஏட்டில் மதிப்பு எதுவும் எஞ்சாதது. எங்கள் ஒழுங்கையில் இன்னும் மாடிக்கட்டடமாகாமல் எஞ்சியிருக்கும் இரண்டு வீடுகளில் எங்களுடையதும் ஒன்று என்பதால், பின்வளவில் மாமரத்தின் கீழ் கூடு அடிக்க இடமிருந்தது. வந்த அன்று மூன்றும் மண்ணில் கால் வைக்க அஞ்சி, கிணற்றடிச் சீமெந்துத் தரையிலேயே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நான்காம் நாள் காலையில் ஒன்று மட்டும் மாமரத்தடிப் புழுதியில் மெல்லச் சரிந்து, ஒரு சிறகை விரித்து, காலால் மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. கம்பித் தளத்தைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத உயிருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எவருமில்லை. அவள்தான் சிவப்பி.

நோய் ஒரு புதன்கிழமை தெரிந்தது. கூட்டைத் திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு முதலில் வருபவள், அன்று மூலையில் முதுகை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, கண் மூடி நின்றாள். கொண்டைப்பூ வெளிறியிருந்தது. எனக்கு முதலில் மனத்தில் வந்தது ராணிக்கெட் நோய்தான். சிறுவயதில் எங்கள் வளவில் ஒரே கிழமையில் கூடு முழுவதும் வெறுமையானதும், அம்மா சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துப் பார்த்ததும் உமக்கும் நினைவிருக்கும். ஆனால் மற்ற இரண்டும் சுகமாகத் தீன் கொத்திக்கொண்டிருந்தன. மனைவிதான் அருகில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, “இது நோயில்லை, முக்குகிறது. முட்டை வரமாட்டேன் என்கிறது” என்றார். மூன்று பிள்ளை பெற்றவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

மிருக வைத்தியரைத் தேடியது தனிக் கதை. முதலில் தொலைபேசியில் அழைத்த இடத்தில், நாய் பூனை மட்டுமே பார்ப்போம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் வரச் சொன்னார்கள். ஆனால் பதிவுத்தாளில் நாய், பூனை என்ற இரண்டு கட்டங்களே இருந்தன, கோழி என்று கீழே கையால் எழுதவேண்டியிருந்தது. கடதாசிப் பெட்டிக்குள் சிவப்பியை வைத்துக்கொண்டு ஓட்டோவில் போகும்போது சாரதி எட்டிப் பார்த்து, இன்றைக்கா சமையல் என்று சிங்களத்தில் கேட்டார். வைத்தியரிடம் கொண்டுபோகிறேன் என்று நான் சொல்ல, அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, வெயில் படாதபடி பக்கத்துத் திரையை இழுத்துவிட்டார்.

வைத்தியர் பேராதனையில் படித்த இளம்பெண். கையுறையில் எண்ணெய் தடவிப் பார்த்தார். முட்டை வாசலருகில் சிக்கியிருக்கிறது, ஓடு சரியாகக் கட்டவில்லை, அதனால் தசைக்குப் பிடித்துத் தள்ள முடியவில்லை என்றார். கல்சியம் ஊசி போட்டார். வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் இருத்தி, இருட்டான, சூடான இடத்தில் அமைதியாக விடும்படியும், வயிற்றை அழுத்தி முட்டையை வெளியே எடுக்க முயலவே வேண்டாம் என்றும் சொன்னார். உள்ளே உடைந்தால் ஆளே போய்விடுவாளாம்.

அந்த இரவை உமக்கு எழுதியே ஆகவேண்டும். பேத்தியைக் குளிக்கவார்த்த நீலப் பேசினில் வெந்நீர் விட்டு, முழங்கையால் சூடு பார்த்து, சிவப்பியை இறக்கினேன். அடிப்பாள், கொத்துவாள் என்று துவாயைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ நீர் நெஞ்சுக்கு ஏறியதும் உடம்பைத் தளரவிட்டு, என் உள்ளங்கையில் தன் முழுப் பாரத்தையும் வைத்துவிட்டாள். வயிற்று இறகுகள் நீரில் பாசிபோல விரிந்து மிதந்தன. கோழிக்குக் கீழிமைதான் மேலெழுந்து கண்ணை மூடும் என்பதை, எழுபது வயதுக்கு ஒரு வருடம் குறைவாக இருக்கும்போதுதான் கவனித்தேன். கையின் கீழே, தோலுக்கு அப்பால், ஒரு தேசிக்காய் அளவில் அந்த முட்டை தட்டுப்பட்டது. மூன்றாம் முறை குளிப்பாட்டித் துவட்டி, பெட்டிக்குள் சுடுநீர்ப் போத்தலோடு வைத்து மூடினோம். இரவு பதினொன்றேகாலுக்கு உள்ளே ஒரு முனகல். திறந்தால், சாம்பல் நிறத்தில், ஓடே இல்லாத ஒரு தோல்முட்டை, நசிந்து, மஞ்சட்கரு கசிந்தபடி கிடந்தது. சிவப்பி அதன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி, பரிசோதனை, பத்து நாள் மருந்து எல்லாம் சேர்த்து 4,850 ரூபா. ஓட்டோ இரண்டு தடவை, 1,800. மொத்தம் 6,650. “இந்தக் காசுக்கு ஏழு கோழி வாங்கலாம்” என்றார் மனைவி. சொன்னவரேதான் இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சுடுநீர்ப் போத்தலை மாற்றியவரும். மருந்து நாட்களிலும், அது முடிந்தபின் வைத்தியர் குறித்துக் கொடுத்த நாட்கள் வரையிலும் அவள் முட்டையிட்டாலும் உண்ணக்கூடாது. அதற்கு அவசியமே வரவில்லை. அன்றிலிருந்து அவள் இடவில்லை.

இது ஏன் வருகிறது என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் பிறகு படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. ஓட்டில் இரண்டு கிராம் அளவில் கல்சியம் உண்டு. இன்றைய கலப்பினக் கோழி வருடத்துக்கு 300 முட்டை இடும் என்றால் 600 கிராம். அவளுடைய எலும்புகள் எல்லாவற்றிலும் இருக்கும் கல்சியம் 20 கிராம் சொச்சம்தான். தீனில் போதாதபோது எலும்பைக் கரைத்து ஓடு கட்டுகிறாள். இவற்றின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி வருடத்துக்கு பத்துப் பதினைந்து முட்டை இட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்து, ஓய்ந்துவிடும். இரண்டு கிலோ உடம்பிலிருந்து வருடத்தில் 18 கிலோ முட்டையை எடுத்த பிறகு, 900 ரூபாவுக்கு எங்களிடம் வந்தவள் இவள். முதலில் தின்று கழித்த ஒருவரின் கடனை நான் வாங்கியிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது.

இனி கணக்கு. பழக்கதோஷத்தால் முதல் நாளிலிருந்தே கொப்பியில் எழுதி வந்தேன். பத்து மாதத்தில் மூன்று கோழிகளும் 410 முட்டை இட்டன. தீன் 95 கிலோ, கிலோ 160 ரூபாப்படி 15,200. கோழி விலை 2,700. கூட்டுக்கு மரமும் வலையும் 24,000. ஐந்து வருடம் நிற்கும் என்று வைத்து, பத்து மாதத்துக்குரிய பங்கு 4,000. சிப்பித்தூள், உமி, தடுப்பு மருந்து 1,900. ஆகமொத்தம் 23,800, முட்டையொன்று 58 ரூபா. சிவப்பியின் வைத்தியச் செலவைச் சேர்த்தால் 74. எங்கள் இருவருடைய உழைப்புக்கு ஒரு சதமும் போடவில்லை. சந்திக் கடையில் இன்று முட்டை 38 ரூபா.

அந்த 38க்கும் என் 74க்கும் இடையிலுள்ள 36 ரூபா எங்கே போனது என்று பார்த்தால், பெரும்பகுதி கோழியின் உடம்பில் இருக்கிறது. கூண்டுப் பண்ணையில் சிவப்பிபோல் நின்ற ஒருத்திக்கு வைத்தியர் வரமாட்டார். அவள் காலையில் செத்துக் கிடப்பாள், இழப்பு வீதத்தில் ஓர் எண்ணாகப் போவாள். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடைசெய்த பழைய கூண்டுகளில் அங்கே ஒரு கோழிக்கு ஒதுக்கவேண்டிய குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்ரிமீற்றர். நீர் கடிதம் எழுதும் ஏ4 தாள் அதைவிடப் பெரிது. எங்கள் நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா. அந்தக் காசுக்கு இன்று மூன்று முட்டை வாராது.

என் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. சிவப்பி குஞ்சாக முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே அவளோடு வெளிவந்த சேவற்குஞ்சுகள் கொல்லப்பட்டிருக்கும். முட்டையிடாது, இறைச்சிக்கும் வேகமாக வளராது என்பதால் முட்டையினச் சேவற்குஞ்சுகளைக் குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் வைத்திருப்பதில்லை. ஜெர்மனி இதை 2022இல் சட்டத்தால் நிறுத்தியது. நான் மாமரத்தடியும் வைத்தியமும் கொடுத்ததால் அந்தச் செலவு அழிந்துவிடவில்லை. என் 74 ரூபாவிலும் அது இல்லை. உமது ஊர்க்கோழிகளோ அவயத்துக்குப் படுத்துத் தாங்களே பொரிக்கின்றன. சேவல்களையும் ஏழெட்டு மாதம் தீன் போட்டு வளர்த்துத்தான் விற்கிறீர். ஆகையால் நம் இருவரில் முழுக் கிரயத்தையும் சுமப்பவர் நீர். அப்படியிருக்க முட்டையை 60 ரூபாவுக்குக் கொடுக்கிறீர், அதையும் 50 ஆக்கு என்று வியாபாரி நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர். உம்முடைய கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் இடும் என்பது எனக்குத் தெரியும். நான் உம்முடைய கணக்காளராக இருந்தால் 60க்கே கையெழுத்து வைக்கமாட்டேன், 85 கேட்கச் சொல்வேன்.

ஆனால் மலிவு முட்டையைப் பழித்து எழுதவும் எனக்கு வாய் வரவில்லை. 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்ததோடு சோளச் செய்கை விழுந்து, அடுத்த வருடம் டொலரும் இல்லாமல் போய், தீனுக்குத் தட்டுப்பாடு வந்து முட்டை விலை இருமடங்குக்கு மேல் ஏறியதை இங்கே கண்ணால் பார்த்தோம். 2023 தையில் வெள்ளை முட்டை 44, சிவப்பு முட்டை 46 என்று அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டது; போட்டதும் முட்டை கடையை விட்டு மறைந்தது. பிறகு இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா அந்த நாட்களில் ஒரு முட்டையை அடித்து, மாவும் வெங்காயமும் கலந்து பொரித்து மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டதாகச் சொன்னார். அவரிடம் போய் 85 ரூபா முட்டைதான் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளவத்தையில் ஒரு கோப்பை கோப்பிக்கு 900 ரூபா கொடுப்பவர்களிடம் சொல்வேன். நாங்கள் வீட்டில் கிழமைக்கு ஆளுக்கு ஏழு என்றிருந்ததை மூன்றாகக் குறைத்துக்கொண்டோம். அப்படியானால் செலவு முன்னைய அளவில்தான் நிற்கிறது.

கூண்டு விடயத்துக்கு வருகிறேன். உமது 60 கோழிக்குக் கூண்டு போட்டாலும் பெரிய பண்ணைகளோடு விலையில் போட்டியிட முடியாது. அவர்கள் தீனை லொறிக்கணக்கில் வாங்குகிறார்கள், நீர் மூட்டைக்கணக்கில் வாங்குகிறீர். செலவில் பெரும்பகுதி தீன்தான். ஊர்க்கோழியைக் கூண்டில் அடைத்தால் அது மேய்ந்து தேடும் புழுவும் கறையானும் புல்லும் போய், அந்த இலவசத் தீனையும் இழப்பீர். வேண்டாம். வியாபாரியை விட்டுவிட்டு 85க்கு எங்களுக்கு நேரே அனுப்பும். எனக்குக் கிழமைக்குப் பத்து, எதிர் மாடியில் நான்கு வீட்டாரிடம் பேசியிருக்கிறேன், அவர்களுக்கு ஐம்பது. சாவகச்சேரியில் இரவு பஸ்ஸில் ஏற்றினால் விடிய வெள்ளவத்தையில் நானே இறக்குவேன். பழையபடி பிஸ்கற் தகரத்துக்குள் உமி போட்டு, கூர்முனை கீழாக அடுக்கச் சொல்லும். போன தடவை படுக்கவைத்து அடுக்கியதில் ஐந்து உடைந்துபோயிற்று.

சிவப்பி இன்று காலை புழுதியில் குளித்தாள். கொண்டைப்பூவில் நிறம் திரும்புகிறது. வயிறு மட்டும் கொஞ்சம் கனத்திருப்பதுபோல் கைக்குத் தெரிகிறது. மஞ்சட்கரு உள்ளே இறங்கியிருந்தால் திரும்ப வீங்கும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். வருகிற வெள்ளி காட்டப் போகிறேன். ஓட்டோ அதே சாரதிதான், தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லும்.

என்றும் உமது நண்பன்.