அட்டெண்டரிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிநோய் சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லீரல், கைநடுக்கம், மறுபடி குடிக்காமல் இருக்கும் வழி என்று குடிப்பவரைப் பற்றி எல்லாம் இருந்தது. மனைவி வந்தது ஒரே ஒரு வரியில், குடும்பம் ஒத்துழைக்க வேண்டும் என்ற இடத்தில். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வார்டில் மனைவிக்குப் பெயர் அட்டெண்டர். ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஓடுவார், கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார். கணவர் எந்த வயதில் குடிக்க ஆரம்பித்தார், ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், விடிந்ததும் வேண்டுமா, வலிப்பு வந்ததுண்டா என்று கேஸ் ஷீட்டுக்காக நாங்கள் கேட்பதில் பாதிக்குப் பதில் சொல்வதும் அவர்தான். உங்களை அடிப்பாரா என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அது குடும்ப விஷயமாம். எத்தனை குவார்ட்டர் என்பது மட்டும் என்ன ஊர் விஷயமா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதற்கும் அது 29 சதவீதம்தான். கணவர் அடிக்கடி போதையில் வருகிற வீடுகளை மட்டும் எடுத்தால், இந்திய அளவில் பத்தில் ஏழு பெண்கள். அப்படியானால் குடிநோய் வார்டில் உட்கார்ந்திருக்கும் மனைவிமார்களில் அடி வாங்கியவர்களே அதிகம் இருப்பார்கள். அதே கணக்கெடுப்பில் குடிக்காத கணவர்களின் மனைவிகளிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் அடி வாங்கியிருக்கிறார்கள். குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று சொல்லி அனுப்புகிறோமே, அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. நிதானத்தில் அடித்துவிட்டுக் குடியின்மேல் பழி போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் மாத்திரைப் பிரச்சினை ஒன்று உண்டு. டைசல்பிராம் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அந்தப் பயத்தில் குடிக்க மாட்டார் என்பதுதான் அந்த மருந்தின் கணக்கு. அதைத் தினமும் கண்ணெதிரே விழுங்க வைக்கும் பொறுப்பை மனைவியிடம் கொடுக்கிறோம். நல்ல முறைதான், வீட்டில் அடி உதை இல்லையென்றால். இருந்தால், தினம் காலையில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் வேலையை, ஏற்கெனவே அவரிடம் அடி வாங்குகிறவரிடம் ஒப்படைக்கிறோம். அடிக்குப் பயந்து, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கிறவர்களும் உண்டு. அது அவர் உயிருக்கே ஆபத்து, தெரிந்துவிட்டால் இவர் உயிருக்கும். அடிப்பாரா என்பது மாத்திரை எழுதுமுன்பே மனைவியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

சந்தேகமும் அப்படித்தான். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு மனைவியின் நடத்தைமேல் வரும் சந்தேகம் ஒரு நோய்க்குறி. போனை நோண்டுவது, வேலைக்குப் பின்னாலேயே போவது என்று தொடங்கிக் கொலைவரை போனதுண்டு. அதை 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்று ஆற்றிவிடக் கூடாது.

எப்படிக் கேட்பது? கணவர், மாமியார், ஏன் பெற்ற தாய் எதிரில்கூடக் கேட்கக் கூடாது. 'உங்களுக்கும் பிரஷர் பார்த்துடலாம், வாங்கம்மா' என்றால் தனியாக வந்துவிடுவார். கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே, 'சண்டை வந்தா கை நீட்டுவாரா? வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா இருக்கா?' என்று நேராகவே கேட்கலாம். பலருக்கு அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் வெயிலில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். குரல் கம்மியிருந்தது. சளி என்றார். துப்பட்டாவை விலக்கியதும் விரல் தடம் தெரிந்தது. கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள். கழுத்தை நெரிப்பதை மற்ற அடியோடு சேர்க்கக் கூடாது. ஒருமுறை நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் 'கழுத்தைப் பிடிச்சாரா?' என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆம் என்றால் அவரை அப்போதே மருத்துவர் பார்க்க வேண்டும்.

அவர் சொன்னதைக் கணவரின் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். 2017 மனநல மருத்துவச் சட்டப்படி நோயாளி தன் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்கலாம். வாங்கிப் படித்தால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஓ.பி. சீட்டு போட்டு, காயத்தை அளந்து, யார் செய்தது என்று அவர் சொன்னபடியே எழுதி வைக்க வேண்டும். பிறகு வழக்கு என்று போனால் உதவும். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் கவுன்சலிங்கும் இங்கே வேண்டாம். அறையில் அவர் சொன்ன உண்மைக்கு ராத்திரி வீட்டில் பதில் கிடைக்கும்.

கேட்டுவிட்டு என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் கேட்பதே இல்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் இந்தப் பெண்களுக்கு உதவவே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மருத்துவ உதவி, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையமும் தனியாக இருக்கிறது. மும்பை பாந்த்ராவில் பாபா மருத்துவமனைக்குள்ளேயே 2000-இல் 'திலாசா' மையத்தைத் தொடங்கி இதை மருத்துவமனை வேலையாகவே ஆக்கிக் காட்டினார்கள். அதற்காக உடனே போலீசுக்குப் போ என்று விரட்டவும் வேண்டாம். பிரிந்துபோகும் சமயம்தான் ஆபத்து அதிகம், எப்போது என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். கணவரை என்றைக்கு டிஸ்சார்ஜ் செய்கிறோம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்வதுகூட உதவிதான். அன்றிரவு எங்கே தங்கலாம் என்று யோசித்துக்கொள்வார்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் பெண்கள் உதவி எண் 181-ஐயும் சேர்த்துப் போடுங்கள். இரவு பகல் எப்போதும் இலவசமாகப் பேசலாம். கணவர் போனைப் பார்ப்பவர் என்றால், சமையல் கேஸ் புக்கிங் மாதிரி வேறு பெயரில் சேமித்துக்கொள்வதும், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அழித்துவிடுவதும் நல்லது என்று ஒரு குறிப்பும் இருக்கட்டும்.

— ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி