உயரம் கூட்டியாச்சு, டிராக் லிங்க்கைப் பார்த்தீர்களா?

நம் ஆஃப்ரோடு குழுவின் நிர்வாகிகளுக்கும், ஞாயிறு தவறாமல் சேற்றில் இறங்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன பயணத்துக்கு வந்த பதினோரு வண்டிகளில் எட்டு உயரம் கூட்டியவை. ஜிப்ஸி, பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப், ஒரு புது ஜிம்னி. ஆளுக்கு நாற்பது படம் எடுத்தோம். பாறைமேல் ஏறி நிற்கும் டயர் எல்லாப் படத்திலும் இருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் குறுக்கே ஓடும் டிராக் லிங்க் ஒன்றில்கூட இல்லை. லிஃப்டுக்கு, அதாவது இப்படி உயரம் கூட்டும் வேலைக்கு, ஒதுக்கும் காசில் முதல் பங்கு அந்தக் கம்பிக்குப் போக வேண்டும். இப்போதோ டயர், பம்பர், விளக்கு எல்லாம் வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால்தான் அதற்கு.

என் கதையையே சொல்கிறேன். என் ஜிப்ஸிக்கு எஸ்.பி.ஓ.ஏ (ஸ்பிரிங் ஓவர் ஆக்சில்) செய்தேன். அதாவது ஆக்சிலுக்கு அடியில் இருந்த பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) மேலே தூக்கி வைத்தேன். வண்டி ஐந்து அங்குலம் எழுந்தது, எனக்கும் தலை கொஞ்சம் எழுந்தது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு சத்தமில்லாமல் இறங்கியவன், நாமக்கல் தாண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் மாட்டினேன். வேகம் எழுபது இருக்கும். இடது சக்கரம் இணைப்பில் தட்டியதும் ஸ்டியரிங் தானாக ஆடத் தொடங்கியது. ஆடியது என்றால் லேசாக அல்ல. கட்டைவிரலை உதறித் தள்ளியது, டேஷ்போர்டு மேல் இருந்த தண்ணீர் பாட்டில் என் மனைவி மடியில் வந்து விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடிக்கிறது. வேகம் இருபதுக்கு இறங்கிய பிறகுதான் நின்றது.

லிஃப்ட் போட்டுக்கொடுத்த இடத்தில், “ஸ்டியரிங் டேம்பர் மாட்டினா சரியாயிடும் சார்” என்றார்கள். மாட்டினேன். மூன்று மாதம் சரியாகத்தான் இருந்தது. டேம்பர் நடுக்கத்தை அடக்கி வைத்ததே தவிர, அதைக் கிளப்பிவிடும் தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் போனேன். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனையிலுள்ள கூம்பு வடிவத் தண்டில் நீல மை தடவி, சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் ஆர்மின் துளையில் செருகி, அரைச் சுற்று சுற்றி எடுத்துக் காட்டினார். மை முழுக்க அழிந்திருக்க வேண்டும். அழிந்ததோ மேல் விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் மட்டும். துளையைக் கூம்பாகச் சீவும் ரீமர் போட வேண்டிய இடத்தில் சாதாரண டிரில் பிட்டை விட்டிருக்கிறார்கள். நட்டை எவ்வளவு இறுக்கி ஸ்பிளிட் பின் போட்டாலும் தண்டு உள்ளே ஆடிக்கொண்டேதான் இருக்கும். “இதை நம்பியா மலை ஏறினீங்க?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சரி, உயரம் கூட்டினால் ஸ்டியரிங் ஏன் கெடுகிறது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டிராக் லிங்க் 800 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது மட்டமாக இருக்கும்போது சக்கரம் 50 மி.மீ. எழும்பினால், குறுக்கு நீளம் 1.6 மி.மீ. மாறும். லிஃப்ட் போட்டபின் அதே கம்பி ஒரு முனை 130 மி.மீ. தாழ்ந்து சாய்வாக நிற்கிறது. இப்போது அதே 50 மி.மீ. எழும்பினால் மாற்றம் 6.6 மி.மீ., நான்கு மடங்குக்கு மேல். நக்கிள் ஆர்ம் 150 மி.மீ. என்றால், ஸ்டியரிங்கை நீங்கள் தொடாமலே சக்கரம் இரண்டரை டிகிரி திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான். பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி தன் இஷ்டத்துக்கு இழுப்பதை நாம் “ரோடு சரியில்லை” என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதற்கு மலிவு வைத்தியம் தாழ்ந்த பிட்மேன் ஆர்ம், அதாவது ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கை இழுத்துத் தள்ளும் கை. கம்பியின் சாய்வு குறையும், உண்மைதான். ஆனால் ஆர்ம் கீழே இறங்க இறங்க ஸ்டியரிங் பாக்ஸின் செக்டர் ஷாஃப்டை (அந்தக் கை மாட்டியிருக்கும் தண்டை) நெம்பும் விசையும் கூடும். பெரிய டயரும் சேர்ந்தால் அந்த விசை பாக்ஸைப் பிடித்திருக்கும் சேஸிஸுக்குப் போய், போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விழும். பவர் ஸ்டியரிங் பாக்ஸ் மாற்றுகிறவர்கள் சேஸிஸுக்கு உள்ளே குழாய் ஸ்லீவும் வெளியே பிளேட்டும் வைக்காமல் போல்ட்டை மட்டும் முறுக்கினால் இதே கதைதான், இன்னும் சீக்கிரமாக. அதைவிட மோசம், டிராக் லிங்க்கையே கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பட்டை வண்டிகளுக்கு முறையான வழி ஹை ஸ்டியர். சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் தலையில் புது ஆர்ம்களைப் பூட்டி, டை ராடையும் டிராக் லிங்க்கையும் பட்டைக்கு மேலே கொண்டுபோவது. கம்பி மறுபடி மட்டமாகிறது, பாறையிலும் இடிக்காது. ஆனால் அந்த ஆர்ம் உட்காரும் ஸ்டட்கள் புதிதாக இருக்க வேண்டும், ஓட ஆரம்பித்த பிறகும் ஓரிரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும். பிரிக்கும்போதே நக்கிள் சுழலும் கிங்பின் பேரிங்கையும் பாருங்கள். நக்கிளில் கொக்கித் தராசை மாட்டி இழுத்து, அது எத்தனை கிலோவில் திரும்புகிறது என்று அளந்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்டும் வேலை அது. காய்கறிக் கடைத் தராசே போதும். அதைச் செய்யும் பொறுமைதான் ஒர்க்‌ஷாப்புகளில் கிடைப்பதில்லை.

ஜிம்னிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களுடையது காயில் ஸ்பிரிங், பக்கவாட்டில் ஆக்சிலைப் பிடிப்பது பனார்டு ராடு. டிராக் லிங்க் அதற்கு இணையாக இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே ஆடும். ஒன்றை மட்டும் இறக்கி மற்றதை விட்டால், இல்லாத பம்ப் ஸ்டியரை நீங்களே உண்டாக்குகிறீர்கள். உயரம் கூடும்போது ஆக்சில் சுழன்று காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைகிறது. திரும்பிய ஸ்டியரிங் தானாக நேராக வராது. அதைச் சரிசெய்யும் புஷ் இல்லாமல் லிஃப்ட் போடாதீர்கள். முன்பக்கம் ஷாக்கிள் (பட்டையைச் சேஸிஸில் தொங்கவிடும் இணைப்பு) உள்ள பட்டை வண்டியில் நீள ஷாக்கிள் மாட்டினாலும் காஸ்டர் குறையத்தான் செய்யும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கசந்தாலும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாற்றிய வண்டியைத் தனியார் நிலத்தில் ஓட்டிவிட்டு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாமெல்லாம் அதே நெடுஞ்சாலையில்தான் வீடு திரும்புகிறோம், பேருந்துக்கும் பைக்குக்கும் நடுவே.

நிர்வாகிகளிடம் ஒரே கோரிக்கை. புறப்படும் முன் வின்ச், இழுவை ஷேக்கிள், தீயணைப்பான் எல்லாம் பார்க்கிறீர்கள். அதோடு இதையும் சேருங்கள். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட வேண்டும், இன்னொருவர் டார்ச்சுடன் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். வண்டிக்கு மூன்று நிமிடம். ஆடினால் அந்த வண்டி அன்றைக்கு வரக்கூடாது, அது யாருடையதாக இருந்தாலும் சரி.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் ஒரு பழைய பாயும் டார்ச்சுமாக வந்துவிடுவேன். முதலில் என் வண்டியைப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு ஜிப்ஸிக்காரன்