சித்தப்பா, வேலி போடாத அந்த நிலத்தை வந்து பாருங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். கோல்ஃப் மைதானம் என்றால் ஊர்ப் பொதுநிலத்தை வேலி போட்டு அடைத்து, குடிநீரை எடுத்துப் புல்லுக்கு ஊற்றும் ஏற்பாடு என்று சொன்னீர்கள். தொலைபேசியில் வாதாட விரும்பவில்லை. வாதாடினாலும் ஏரி, மதகு, வாய்க்கால் என்றே பணிக்காலத்தைக் கழித்த பொதுப்பணித் துறைப் பொறியாளரிடம் என் பேச்சு எடுபடாது. பெரும்பாலான மைதானங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்ட் கோர்ஸ் என்ற பழைய மைதானத்தையும் சேர்த்துவிட்டீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அந்த நிலம் அவ்வளவு அழகாக இருப்பதற்குக் காரணமே, அதை யாராலும் முழுதாக அடைத்து வைத்துக்கொள்ள முடியாமல் போனதுதான். உங்கள் கட்சியில் இன்னும் பலர் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் கோல்ஃப் ஆடுவதில்லை. டண்டீயிலிருந்து 99ஆம் எண் பஸ்ஸில் ஏறி, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடக்கப் போகிறவள். பெரிய போட்டி நடக்கும் நாள்களை விட்டால், ஞாயிறு அன்று ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது. அன்று அது ஊரின் பூங்கா. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த அந்தப் புல்வெளியில் குழந்தைகள் ஓடுகிறார்கள், நாய்கள் குரைக்கின்றன, வயதானவர்கள் கைத்தடியோடு நடக்கிறார்கள். டிக்கெட் இல்லை, வாசலில் காவலாளியும் இல்லை.

முதல் பார்வையில் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மரம் இல்லை, குளம் இல்லை, பூப்பாத்தி இல்லை. சாம் ஸ்னீட் என்ற அமெரிக்கர் 1946-ல் இங்கே பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை வென்றவர். அவரே ரயிலில் வந்தபோது சன்னல் வழியாகப் பார்த்து, கைவிடப்பட்ட ஏதோ பழைய மைதானம் என்று நினைத்தாராம். (அந்த ரயில் பாதை 1969-ல் மூடப்பட்டது. அதனால்தான் நான் பஸ்ஸில் போகிறேன்.) ஆனால் நீங்கள் ஸ்னீட் அல்ல. மட்டம் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. பத்தடி நடந்தாலே தரை சும்மா இல்லை என்பதைக் கண்டுகொள்வீர்கள். எங்கும் மேடு, பள்ளம், மடிப்பு, சிறு திடல். இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை மண்வெட்டி தொட்டதில்லை.

பனியுகத்தில் ஸ்காட்லாந்தின் மேல் கிடந்த பனிப்பாளத்தின் எடையில் நிலம் அமுங்கிக் கிடந்தது. பனி உருகியபின் அது மெல்ல மேலெழுந்தது. கடல் கிடந்த இடம் கரையானது. காற்று அங்கே மணலைக் கொண்டுவந்து குவித்தது. நம் கடற்கரையில் ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் செய்யும் வேலையை இங்கே மாரம் புல் செய்கிறது: வேரோடி மணலைப் பிடித்து நிறுத்துகிறது. பிடிபட்ட மணல் மேல் ஃபெஸ்க்யூ என்னும் மெல்லிய புல் படர்கிறது. சத்தில்லாத மண், உப்புக் காற்று, மழை பெய்தால் நேரே கீழே இறங்கிவிடும் தண்ணீர். ஏர் பூட்டி என்ன பயன்? உழவுக்கு ஆகாத அந்த நிலத்தை ஆடுகளுக்கும் முயல்களுக்கும் விட்டுவிட்டார்கள். அவை மேய்ந்து மேய்ந்து புல்லை ஒட்ட வெட்டி வைத்தன. அதன் மேல் தான் மனிதர்கள் பந்தைத் தட்டத் தொடங்கினார்கள். வடிகாலைப் பற்றித்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும்: வடிகாலே மணல்தான். இன்று தேவைக்குத் தெளிக்கக் குழாய்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் வறண்ட கோடையில் ஃபேர்வே என்னும் ஆட்டப் புல்வெளி வைக்கோல் நிறத்துக்கு மாறினால் இங்கே யாரும் பதறுவதில்லை. பந்து இன்னும் வேகமாக உருளும் என்று மகிழ்கிறவர்களே அதிகம்.

இனி உங்கள் துறைக்கு நெருங்கிய விஷயம்: இது யார் நிலம்? 1552-ல் பேராயர் ஜான் ஹாமில்டனின் சாசனம் ஒன்று, இந்த லிங்க்ஸ் நிலத்தில், அதாவது கடலோர மணற்புல்வெளியில், அவர் முயல் வளர்க்கலாம் என்றும், ஊர் மக்கள் அங்கே கோல்ஃபும் மற்ற விளையாட்டுகளும் ஆடும் உரிமை தொடரும் என்றும் எழுதி வைத்தது. 1797-ல் கடனில் மூழ்கிய நகர நிர்வாகம் நிலத்தை விற்றுவிட்டது. வாங்கியவர்கள் வணிகத்துக்காக முயல் பண்ணை வைத்தார்கள். ஆட வந்தவர்கள் முயல் வளைகளில் கால் இடறினார்கள், ஆத்திரத்தில் முயல்களைக் கொன்றார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார் வாங்கியபின்தான் முயல்கள் ஓய்ந்தன. 1894-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நிலம் மீண்டும் ஊருக்கே வந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. ஆட்டம் தொடங்கும் முதல் டீக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் கல் கட்டடத்தைப் பார்த்து எல்லாரும் ஏமாறுவார்கள். அது ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் வீடு, அவ்வளவுதான். மைதானத்தில் அதற்குச் சொத்துரிமை இல்லை. 1754-ல் தொடங்கிய அந்தக் கிளப், பெண்களை உறுப்பினராக்க 2014 வரை எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தை நான் ரசிப்பது வெளியிலிருந்து மட்டும்தான்.

வடிவமைப்புக்கு வருகிறேன். இது ஓர் ஒல்லியான நிலப்பட்டை. ஊரில் தொடங்கி ஈடன் கழிமுகம் வரை நீண்டு, அங்கே வளைந்து முடிகிறது. போகவும் வரவும் ஒரே தடம்தான். போகும்போது எந்தக் குழிகளில் பந்தைப் போட்டார்களோ, திரும்பும்போதும் அதே குழிகள். முதலில் மொத்தம் 22 என்று கணக்கு இருந்தது. 1764-ல் தொடக்கத்திலிருந்த நான்கு குழிகளுக்கு ஆடும் தூரம் மிகக் குறைவாக இருக்கிறது என்று அவற்றை இரண்டாகச் சேர்த்தார்கள். போகவர எண்ணினால் 18 ஆயிற்று. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வசதிக்குச் செய்த திருத்தம் பின்னாளில் உலகத்துக்கே விதியானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் பெருகியது. எதிரெதிராக வரும் இரண்டு குழுக்கள் ஒரே குழிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நிலம் இருந்திருந்தால் யாரும் தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். இங்கே நிலம் இல்லை. அதனால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனை அகலப்படுத்தி அதிலேயே இரண்டு குழிகள் வைத்தார்கள். இன்றும் போகும் வழிக்கு வெள்ளைக் கொடி, வரும் வழிக்குச் சிவப்புக் கொடி. இப்படி ஏழு இரட்டைக் கிரீன்கள். இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும் என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். ஐந்தும் பதிமூன்றும் சேர்ந்த கிரீன் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதன் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் தரை கண்முன்னே ஏறி இறங்குவது தெரியும். எங்கே நீர் தேங்கும், எங்கே ஓடும் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள், தண்ணீருக்குப் பதில் பந்து.

பங்கர் என்னும் மணற்குழிகள் 112. கடற்காற்றுக்கு ஒதுங்க ஆடுகள் பள்ளங்களில் படுத்து, புல் தேய்ந்து, மணல் வெளிப்பட்டு உண்டானவை என்பார்கள். எல்லாமே அப்படி உண்டாகியிருக்காது, ஆனால் இடங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. பலவற்றுக்குப் பெயர் உண்டு: நரகம், சவப்பெட்டிகள், கல்லூரி முதல்வரின் மூக்கு. பதினான்காவதில் இருக்கும் நரகம் பத்தடி ஆழம். சுவர்களைப் புல்கட்டி அடுக்கிக் கட்டுகிறார்கள். வெயிலிலும் காற்றிலும் சரியச் சரிய, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாக அடுக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. பழைய காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடியிருக்கிறார்கள். அந்தத் திசையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் பல பங்கர்கள் இன்றைய திசையில் மறைந்துவிடுகின்றன. யாரும் திட்டமிட்டு ஒளித்து வைக்கவில்லை. வழி மாறியதால் பொறியாகிவிட்டன.

பொதுவான விதி ஒன்று உண்டு. இடப்பக்கம் பரந்த வெளி, அங்கே அடித்தால் ஆபத்து குறைவு, ஆனால் அடுத்த அடி கடினம். வலப்பக்கம் முட்புதரையும் பங்கரையும் உரசிப் போகத் துணிந்தால், கொடி நிற்கும் குழியை நோக்கி அடுத்த அடிக்கு வழி எளிதாகத் திறக்கும். மைதானம் யாரையும் ஒரே வழியில் நடத்துவதில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921-ல் பதினொன்றாவது குழியில் வெறுத்துப்போய் போட்டியை விட்டே விலகினார். 1927-ல் அதே இடத்தில் வென்றார். 1958-ல் ஊர் அவருக்கு நகர உரிமை தந்து கௌரவித்தது. அவரோடு சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா மைதானத்தை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சி படிப்பால் மருத்துவர். போர்க்காலத்தில் மறைப்புக் கலையைப் பயின்றவர். அவர் ஓல்ட் கோர்ஸை அளந்து 1924-ல் ஒரு வரைபடம் போட்டார். அதன் நகலை உங்களுக்கென வாங்கி வைத்திருக்கிறேன். ஒருவர் ஒரு நிலத்தைத் திருத்துவதற்கு முன் அதை எவ்வளவு பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது அதில் தெரியும். இங்கே 1865-ல் பராமரிப்புப் பொறுப்பேற்ற ஓல்ட் டாம் மாரிஸும் புல்லுக்கு மணல் தூவி வளர்த்தார், பதினெட்டாவது கிரீனை அமைத்தார், ஆனால் நிலத்தின் பெரும்பகுதியை அதன் போக்கில் விட்டார்.

எனக்கு மிகப் பிடித்த இடம் பதினேழாவது. கிரீனுக்குப் பின்னால் ஒரு தார்ச்சாலை, அதற்குப் பின்னால் ஒரு கல்சுவர். பந்து சாலையில் விழுந்தால் சாலையிலிருந்துதான் அடிக்க வேண்டும். முன்னால் ஒரு சிறிய, செங்குத்தான பங்கர். 1978-ல் ஜப்பானின் நகாஜிமா இரண்டே அடியில் கிரீனை அடைந்து, அங்கிருந்து மெல்லத் தட்டிய பந்து அந்த மணற்குழிக்குள் உருண்டு போய், வெளியே எடுக்கவே நான்கு அடிகள் செலவழித்தார். தொடக்க அடியோ கண்ணை மறைக்கும் கொட்டகைகளுக்கு மேலே. ரயில் இருந்த காலத்தில் அங்கே கரிக்கொட்டகைகள். அவை போனபின் அங்கே வந்த ஹோட்டல்காரர்கள் அதே வடிவத்தில் மறுபடி கட்டி வைத்தார்கள். தடையை அகற்றாமல் காப்பாற்றுகிறவர்களை வேறு எங்கே பார்ப்பது! ஒன்றாவது, பதினெட்டாவது ஃபேர்வேக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுச்சாலையும் போகிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் நிதானமாகக் கடக்கிறார்கள், ஆட வந்தவர் மட்டையோடு காத்திருக்கிறார்.

காட்சியைப் பற்றி இன்னும் எழுதவில்லை. மே மாதத்தில் வாருங்கள். இங்கே வளரும் ஒரு முட்செடி (gorse) மஞ்சளாகப் பூத்திருக்கும், அருகே போனால் தேங்காய் வாசனை அடிக்கும். சித்தி நம்ப மாட்டார், ஆனால் உண்மை. நண்பகலில் வர வேண்டாம். அப்போது எல்லாம் தட்டையாகத் தெரியும். மாலையில் சூரியன் சாயச் சாய ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலை எடுத்து வெளியே வைக்கும். கோடையில் அந்தச் சாய்ந்த வெளிச்சம் மணிக்கணக்கில் நீடிக்கிறது. ஒருபுறம் வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரை, மறுபுறம் இடிந்த பேராலயத்தின் கோபுரங்களோடு சாம்பல்நிற ஊர். சில நாள்களில் வடகடலிலிருந்து ஹார் என்னும் மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். அப்படிப்பட்ட நாளில் வந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

ஊருக்குள் நடக்கும்போது மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளி முன்பு இருந்த கட்டடத்தைக் காட்டுகிறேன். இந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்தியவர். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதையே தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பையன்கள் சின்னவர்களுக்குக் கற்பிக்கும் முறையை மெட்ராஸ் முறை என்று பரப்பினார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி அது.

நீங்கள் திட்ட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. அபர்டீனுக்கு வடக்கே மெனீ என்ற இடத்தில், காற்றோடு நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகளை அசையாமல் நிறுத்தி 2012-ல் ஒரு மைதானம் திறந்தார்கள். அதன் விளைவாக அந்த மேடுகள் சிறப்பு அறிவியல் பாதுகாப்பு மதிப்பை 2020-ல் இழந்தன. லிங்க்ஸ் அழகை வாங்கிவிடலாம் என்று நினைத்ததன் பலன். ஓல்ட் கோர்ஸிலும் வெளியூர்க்காரர் ஆடக் கோடையில் முந்நூறு பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். நடப்பதற்குக் காசில்லை என்பதே எனக்குப் போதும்.

அப்படியும் மட்டையைப் பிடிக்க ஆசை வந்தால் பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்ற மேடுபள்ளமான புல்தரை இருக்கிறது. 1867-ல் தொடங்கிய பெண்கள் கிளப்பினுடையது. சில பவுண்டு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் மட்டை வாங்கிப் பந்தை உருட்டலாம். சித்தியையும் அழைத்து வாருங்கள். சாய்வுகளைப் படிப்பதில் அவர் உங்களை மிஞ்சிவிடுவார் என்பது என் கணிப்பு. காற்றுக்குத் தாங்கும் மேலங்கியும் பழைய காலணியும் கொண்டு வரவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்