ஆகஸ்ட் 10 அன்று பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்

திருச்சியில் உள்ள பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். டியூஷன் கன்டோன்மென்ட்டில், மேஜர் சரவணன் சாலைப் பக்கம். போன வாரம் வண்டியில் கூட்டிப் போகும்போது போர்டைப் பார்த்து, "இவர் யாரு மாமா, கட்சித் தலைவரா?" என்று கேட்டாள். குழந்தையின் மேல் தப்பில்லை. நாம் யாருமே அவளுக்குச் சொல்லவில்லை.

அந்தப் போர்டில் இருக்கிற ராணுவ அதிகாரி மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29, 1999 அன்று கார்கில் போரில் உயிர் விட்டார். மே 29 கோடை விடுமுறையில் வருகிறது. பள்ளி பூட்டிக் கிடக்கும், பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருப்பார்கள். அதனால்தான் கேட்கிறேன்: அவர் பிறந்த நாள் ஆகஸ்ட் 10. சுதந்திர தின ஒத்திகை நடக்கிற வாரம். அன்று பிள்ளைகளை அவருடைய நினைவிடத்துக்கு ஒரு தடவை கூட்டி வாருங்கள்.

வந்தால், 'நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்' என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள். இடம் கார்கில் பக்கத்து மலைப்பகுதியான பட்டாலிக். ஏற வேண்டிய உயரம் பதினாலாயிரம் அடிக்கு மேல். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும், ஒளிய ஒரு மரம் கிடையாது. மேலே பதுங்கு குழியில் எதிரி. கீழிருந்து இருட்டில் ஏறினார்கள். குண்டு மழைக்கு நடுவே சரவணன் தோளில் ராக்கெட் லாஞ்சரை வைத்துப் பதுங்கு குழியை நோக்கிச் சுட்டார். உள்ளே இருந்த இரண்டு பேர் செத்தார்கள். சிதறல் பாய்ந்து காயம் பட்டது. திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னால் தன்னை நம்பி ஏறி வந்தவர்களை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. முன்னாலேயே போனார். தலையில் குண்டு பாய்ந்தது. வயது 26.

உடலைக் கூட உடனே எடுக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்த மலையிலேயே கிடந்தார். ஜூலையில்தான் கீழே கொண்டுவர முடிந்தது. அந்த நாட்களை அவருடைய அம்மா எப்படிக் கடந்திருப்பார் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அப்புறம், முக்கியமான இன்னொரு விஷயம். ராமேஸ்வரத்தில் பிறந்த சரவணன் பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில் அதிகாரி. அன்று கூட ஏறியவர்கள் பீகார் ரெஜிமென்ட் சிப்பாய்கள். அவர்களில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் அதே தாக்குதலில் இறந்தார். இரண்டு பேருக்கும் போர்க்களத் துணிச்சலுக்கான வீர் சக்ரா விருது கிடைத்தது. சரவணன் பெயரைச் சொல்லும் இடத்தில் யாதவ் பெயரையும் சொல்லுங்கள். நம் ஊரில் கட்டடம் கட்டவும் ஹோட்டலில் பரிமாறவும் வந்திருக்கிற பீகார் பையன்களை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சில வீடுகளில் அவர்களைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். அந்த மலையில் யார் யாரோடு நின்றார்கள் என்பதை வகுப்பில் ஆசிரியர் வாயால் கேட்டால் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பக்கத்துப் பள்ளிகள் என்றால் நடந்தே வரலாம், தூரத்துப் பள்ளிகள் காலைப் பிரார்த்தனையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ரோட்டைக் கடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றால் சொல்லுங்கள், அன்று லீவு போட்டுவிட்டு நான் வந்து நிற்கிறேன். போர்டைப் பார்த்துக் கேட்ட அக்கா மகளுக்கு அன்று சாயங்காலம் வரை பொறுமை இல்லை. அவளிடம் அன்றே வண்டியை ஓரங்கட்டிச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
திருச்சிக்காரன் ஒருவன்