இரண்டாவது தொட்டிலைப் பற்றி

திருவட்டாறு,
ஐப்பசி 20

அன்பு மகளுக்கு,

உன் குரலைக் கேட்டுப் பதினோரு நாளாகிறது. மருமகன் தினமும் அழைத்து, நீ தூங்குகிறாய் என்றோ குளிக்கிறாய் என்றோ சொல்கிறார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பதால் நானும் மேற்கொண்டு கேட்பதில்லை. இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு நின்றுவிட்டது. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை.

சென்ற வாரம் நாகர்கோவிலுக்குப் போய், என்னிடம் படித்து இப்போது மகப்பேறு மருத்துவராக இருக்கும் பிள்ளையிடம், மருமகன் அனுப்பிய ஸ்கேன் அறிக்கையைக் காட்டினேன். உன் வயிற்றிலிருந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று போய்விட்டது; ஆனாலும் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி என்பதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டையராக இருந்திருந்தால், ஒன்று இறக்கும்போது மற்றதன் இரத்தம் அந்தப் பக்கமாக ஓடி, அதன் மூளைக்கும் உயிருக்கும் கேடு வந்திருக்கக்கூடும் என்றும், உன் விஷயத்தில் அந்தப் பயம் மிகவும் குறைவு என்றும் விளக்கினாள். செத்ததை உள்ளே வைத்திருந்தால் தாயின் உடம்பில் விஷம் ஏறும் என்று சின்னத்தை உன்னிடமும் சொல்லியிருப்பாள். அப்படி ஏறுவதில்லை. அது மெல்லச் சுருங்கி, பிரசவத்தன்று நஞ்சுக்கொடியோடு வெளியே வரும். இப்போது எடுக்கப் போனால் இருக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. இத்தனை மாதம் சோறூட்டுகிற ஒன்றுக்கு நம் மொழியில் நஞ்சு என்று பேர் வைத்திருக்கிறார்களே என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

குறை மாதத்தில் வலி வந்துவிடுவதுதான் இனி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடு. முன்கூட்டியே பிறக்கும் என்று தெரிந்தால் பிள்ளையின் நுரையீரலுக்காக உனக்கு ஊசி போடுவார்கள். உனக்கு இப்போது 28-ஆவது வாரம் தொடங்குகிறது. சாப்பிட்டபின் இடப்பக்கமாகப் படுத்து அசைவை எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்தாவது வர வேண்டும், குறைந்தால் உடனே போக வேண்டும். எண்ணுகிறாயா, மக்களே? எண்ணுவதற்கு உனக்கு மனம் வரவில்லை என்று மருமகன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதே.

115 அடி உயரமுள்ள மாத்தூர் தொட்டிப் பாலத்தை ஐந்து வயதில் என் விரலைப் பிடிக்காமல் கடந்தவள் நீ. அன்று பின்னால் நடந்து வந்த எனக்குத்தான் கால் நடுங்கியது. அப்படிப்பட்டவள் தகப்பனோடு பேச மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று எழுத நினைத்தேன். எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சின்னத்தை உன்னை அழைத்து, "ஒன்றுதானாமே, ஸ்கேன்காரன் தப்பாகச் சொல்லிவிட்டானாமே" என்று கேட்டாளாம். அன்றிலிருந்துதான் நீ பேசவில்லை. அந்தப் பேச்சு என்னிடமிருந்து கிளம்பியது. நாலாம் மாதம் ஸ்கேனில் இரண்டு என்று தெரிந்த மறுநாளே, முற்றத்து அயினி மரத்தை வெட்டிக் காயப்போட்டிருந்த பலகையில் ஆசாரியிடம் இரண்டு தொட்டிலுக்குச் சொல்லி, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் இரட்டை, இரட்டை என்று சொல்லித் திரிந்தேன். பிறகு அந்தச் செய்தி வந்தது. ஆசாரி முதல் தொட்டிலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார், இரண்டாவதற்குக் கால் நான்கும் கடைந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்ததும், இறந்துவிட்டது என்ற சொல் எனக்கு வரவில்லை. ஸ்கேன் தவறு, ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அதன்பின் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். உன் வயிற்றில் ஐந்து மாதம் இருந்த ஒரு பிள்ளையை, இருந்ததே இல்லை என்று அதன் தாத்தா ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

உன் அம்மா அப்படிச் செய்யவில்லை. மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்த இரண்டு மண்டையப்பத்தில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, நேர்ந்தது இரண்டு பேருக்கு என்றாள்.

நேற்று சின்னத்தை வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். ஆசாரியிடமும் சொல்லி, அந்த நான்கு கால்களையும் வாங்கி வந்து, உன் அறையில் அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று நீதான் சொல்ல வேண்டும். வளைகாப்புக்கு நீ ஊருக்கு வர வேண்டாம், இந்த நேரத்தில் அவ்வளவு தூரப் பயணம் கூடாது. அம்மாவும் நானும் அங்கே வருகிறோம், நீ வேண்டாம் என்றால் அம்மா மட்டும் வருவாள்.

உப்பு குறைத்து வறுத்த உப்பேரி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு அழைப்பேன். என்னோடு பேச வேண்டியதில்லை; போனை எடுத்து, அன்றைக்கு எத்தனை அசைவு என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

இப்படிக்கு,
அப்பா