கப்பல் ஏறியவரின் வயது

ஆசிரியருக்கு,

வணக்கம். உலகின் மூத்த ஆணாக அறிவிக்கப்பட்டு, பதினோரே நாளில் மறைந்த ஜப்பானியர் சித்தெட்சு வதனபே பற்றிய உங்கள் குறிப்பில் அவர் வயது 114 என்று அச்சாகியிருக்கிறது. 112 என்பதே சரி. பிறந்தது 1907 மார்ச் 5, ஜப்பானின் நீகத்தாவில். இறந்தது 2020 பிப்ரவரி 23. அதாவது 112 ஆண்டு, 355 நாள்.

114 எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஜப்பானியரின் பழைய கணக்கில் பிறந்த குழந்தைக்கே வயது ஒன்று. அதன்பின் புத்தாண்டு தோறும் ஒன்று கூடும். இதற்கு 'கசோயெதோஷி' என்று பெயர். 2020-இல் 1907-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 114. அந்த ஆண்டின் பிறந்தநாள் வருமுன்பே இறந்தவருக்கு இப்படி இரண்டு வயது கூடிவிடும். கல்லறைகளில் பொறிக்கும் வயது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

வதனபே சர்க்கரை நிறுவன வேலைக்காகத் தைவானில் 18 ஆண்டுகள் இருந்தவர். தைவான் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அவரும் இரண்டாம் உலகப் போருக்குப்பின் நீகத்தாவுக்கே திரும்பிவிட்டார். ஆகவே பிறப்பைச் சரிபார்ப்பதில் பெரிய சிக்கல் இல்லை. (ஆயுள் ரகசியம் மீனும் சோறும் என்கிறீர்கள். கோபப்படாமல் சிரித்துக்கொண்டிருப்பது என்பதே அவர் சொன்னது. விரும்பித் தின்றது க்ரீம் பஃப்!)

கூலி வேலைக்குப் பிரேசிலுக்குப் போன ஜப்பானியர்கள் விஷயம் வேறு. 1908 ஏப்ரல் 28-இல் கோபேயிலிருந்து கிளம்பிய 'கசாத்தோ மாரு' கப்பல் ஜூன் 18-இல் சாண்டோஸ் துறைமுகம் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 781 பேர். தனி ஆளுக்கு ஒப்பந்தம் கிடையாது. 12 முதல் 45 வயதுக்குள் உழைக்கத் தெம்புள்ள மூவராவது ஒரு குடும்பத்தில் இருக்க வேண்டும். புதுமணத் தம்பதி என்ன செய்வார்கள்? உறவுப் பையனைத் தத்துப்பிள்ளையாகக் காகிதத்தில் சேர்த்துக்கொள்வார்கள். பதினோரு வயதுப் பையனுக்குப் பன்னிரண்டு என்று சொல்லும் ஆசையும் இருக்கத்தானே செய்யும். தத்தெடுத்ததும் குடும்பப் பெயர் மாறும், பிறகு தத்து கலைந்தால் மறுபடி மாறும். கப்பல் பட்டியலில் ஒரு பெயர், முதுமைக்கால அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 110 வயதைக் கடந்ததாகச் சொல்லும்போது இரண்டும் ஒரே ஆள்தானா என்பதே முதல் கேள்வி.

அடுத்து கோசெகி என்னும் குடும்பப் பதிவேடு. அது சொந்த ஊர் அலுவலகத்திலேயே இருக்கும். பிறப்பு நாளுக்கு அதைவிட நல்ல சான்று குறைவு. ஆனால் ஆள் உயிரோடிருக்கிறாரா என்பதற்கு அதை நம்பக் கூடாது. வெளிநாட்டில் நடந்த இறப்பை மூன்று மாதத்துக்குள் தூதரகத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க ஆளில்லை என்றால் பதிவேட்டில் அவர் வாழ்ந்துகொண்டே இருப்பார். 2010-இல் நீதி அமைச்சகம் எண்ணியபோது, முகவரி தெரியாமல் நூறு வயது தாண்டி 'வாழ்பவர்கள்' 2,34,354 பேர். அதில் 884 பேருக்கு 150-க்கு மேல்! போர்க்குழப்பத்தில் இறந்தவர்களோடு கடல்கடந்து போனவர்களும் இதில் உண்டு.

ஜப்பானின் தென்கோடித் தீவுப் பகுதியான ஒகினாவாவில் பிறந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. கசாத்தோ மாருவில் வந்தவர்களில் 325 பேர் அந்த ஊர்க்காரர்கள். 1945 போரில் அங்கே பதிவேடுகள் பெருமளவு எரிந்துபோயின. இன்றிருப்பவை பெரும்பாலும் போருக்குப்பின் திரும்ப எழுதியவை. ஆகவே பிறந்த மண்ணின் ஏட்டைவிட, போருக்கு முன்பே எழுதிய கடவுச்சீட்டுப் பதிவும் கப்பல் பட்டியலுமே அங்கே பழைய சான்று. எண்பது வயதில் வாங்கிய அட்டையை மட்டும் வைத்து யார் வயதையும் அச்சிட வேண்டாம்.

கோசெகியில் ஆண்டு அரசர் காலக் கணக்கில் இருக்கும். பதிவிலுள்ள ஆண்டு எண்ணோடு, மெய்ஜி காலம் என்றால் 1867, தைஷோ என்றால் 1911, ஷோவா என்றால் 1925 கூட்டிக்கொள்ள வேண்டும். வதனபே பிறந்தது மெய்ஜி 40. திருத்தம் வெளியிடும்போது 1907 என்றே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
மதுரை